இடம் மாறும் குழாய்கள்: பதிவு செய்யும் பொறுப்பு யாருக்கு?

புது தில்லி:

சிறுநீரகக் கல் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியிடம் மருத்துவமனை ஒரு தாளைத் தருகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, கடைசி வரியாக ஒரு குறிப்பு இடம்பெறும். சில வாரங்கள் கழித்து வந்து ஸ்டென்ட்டை அகற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அக்குறிப்பு. தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வருவோரில் பலரால் அந்த வரியைப் படிக்க இயலாது. கல் போய்விட்டது, வலியும் நின்றுவிட்டது. உடலுக்குள் ஒரு குழாய் இன்னும் இருக்கிறது என்பதே சிலருக்குத் தெரியாமல் போகிறது.

சுமார் இரண்டு மில்லிமீட்டர் பருமனே உள்ள அந்தக் குழாய் பொருத்திய இடத்திலிருந்து நகர்ந்தாலோ, உள்ளேயே மறக்கப்பட்டாலோ அதைப் பதிவு செய்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது? தயாரித்த நிறுவனத்துக்கா, பொருத்திய மருத்துவமனைக்கா? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தையும், அதன் கீழ் 2017-இல் இயற்றப்பட்ட மருத்துவக் கருவிகள் விதிகளையும் படித்துப் பார்த்தால், இருவருக்கும் ஏறக்குறைய இல்லை என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

எப்படி நகர்கிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் நாளத்தில் கல்லோ, வீக்கமோ, கட்டியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகப் பொருத்தப்படுவது 'டபுள் ஜே' ஸ்டென்ட். மருத்துவமனைகளில் இதை 'டி.ஜே. ஸ்டென்ட்' என்பார்கள். நாளத்துக்குள் சிலிக்கோன் குழாயை வைக்கும் முறை 1967-இல் மருத்துவ இதழ்களில் பதிவானது. இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்த இன்றைய வடிவம் 1978-இல் வந்தது. அந்த வளைவுகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நின்று, குழாய் மேலேயோ கீழேயோ நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காகவே அவை அமைக்கப்பட்டன. ஆக, இடம் மாறுதல் என்ற சிக்கல் இக்கருவி பிறப்பதற்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இருந்தும் குழாய் நகரத்தான் செய்கிறது. நாளத்தின் நீளத்துக்குப் பொருந்தாத குட்டையான ஸ்டென்ட், மேல்முனை சிறுநீரகத்துக்குள் முழுமையாகச் சுருளாமல் விடப்படுவது, கீழ்முனை சிறுநீர்ப்பையை எட்டாமல் நாளத்திலேயே நின்றுவிடுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். சிறுநீரகம் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் உறுப்பும் அல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் அது மேலும் கீழும் அசைகிறது. நாளமும் சிறுநீரைத் தள்ளுவதற்காக அலைபோல் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கிறது. குழாய் கீழே இறங்கினால் சிறுநீர்ப்பையில் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் ஏற்பட்டு நோயாளியே திரும்பி வந்துவிடுவார். மேலே ஏறிவிட்டால் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகக்கூடும். சிறுநீர்ப்பைக்குள் கருவியைச் செலுத்தி முனையைப் பிடித்து இழுக்கும் சில நிமிட வேலைக்குப் பதிலாக, நாளத்துக்குள்ளேயே நுழைந்து தேட வேண்டிய நிலை உருவாகும். இரத்த நாளத்துக்குள் ஸ்டென்ட் சென்றுவிட்ட அரிதான நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எடுக்கப்படாமல் மாதக்கணக்கில் தங்கிவிடும் ஸ்டென்ட்டின் கதை இன்னும் மோசமானது. சிறுநீரில் உள்ள உப்புகள் அதன் மேல் படிந்து, அதுவே ஒரு கல்லாக மாறுகிறது. கருவுற்ற பெண்களுக்கு இந்தப் படிவு விரைவாக ஏற்படும் என்பதால் அவர்களுக்கு அடிக்கடி மாற்றச் சொல்கின்றனர் மருத்துவர்கள். கல் படிந்த ஸ்டென்ட் இழுத்தால் வராது, ஒடிந்துவிடவும் கூடும். அதிர்வலையால் கல்லை உடைப்பது, முதுகு வழியே துளையிட்டு எடுப்பது என ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படுகின்றன. சிறுநீரகமே செயலிழந்து அகற்றப்பட்டதும் உண்டு, உயிரிழப்பும் பதிவாகியுள்ளது. கல் உபாதையைத் தீர்க்க வந்தவருக்கு, தீர்வுக்காக வைத்த கருவியே கல்லாகிறது.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு மருத்துவமனைகள் ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டிருந்தன. ஸ்டென்ட் பொருத்துவது அவசரப் பட்டியலில் இருந்தது, எடுப்பது இல்லை. ரயில்களும் ஓடவில்லை. குறித்த நாளில் வர முடியாமல் போனவர்களின் நிலை குறித்து இந்திய சிறுநீரகவியல் மருத்துவர்கள் பின்னர் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினர்.

முதியோர் வீடுகளில் பரவலாகக் காணப்படும் கதீட்டருக்கும் இதே இயல்பு உண்டு. ஃபோலி கதீட்டர் எனப்படும் இந்த வடிகுழாயின் நுனியில் உள்ள சிறு பலூனில் நீரேற்றி, அது சிறுநீர்ப்பையிலிருந்து நழுவாமல் நிறுத்துகின்றனர். மறதி நோய் உள்ள முதியவர் பலூன் விரிந்த நிலையிலேயே குழாயைப் பிடுங்கிவிட்டாலும், நிரம்பிய பையின் பாரம் குழாயை இழுத்தாலும் சிறுநீர்ப் பாதை கிழிகிறது. பையைக் கட்டிலில் தொங்கவிடுவதோடு குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்த வேண்டும் என்ற எளிய பாடம்கூட வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பல நேரங்களில் சொல்லித்தரப்படுவதில்லை.

சட்டம் வந்த வழி

இந்தியச் சட்டத்தில் மருத்துவக் கருவி என்பது நெடுங்காலம் 'மருந்து' என்ற சொல்லின் நிழலில்தான் ஒதுங்கி நின்றது. உரிய அனுமதி பெறாத இதய ஸ்டென்ட்டுகள் மும்பையில் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்ட விவகாரம் 2004-இல் வெடித்து, மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதன் பின்னரே, 2005 அக்டோபரில், 10 வகைக் கருவிகள் மருந்தாகக் கருதப்படும் என மத்திய அரசு அறிவித்தது. கதீட்டர் அந்தப் பட்டியலில் இருந்தது.

கருவிகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்து 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமான சட்டத் திருத்த மசோதா, 2016-இல் திரும்பப் பெறப்பட்டது. மசோதா போன வழியில் விதிகள் வந்தன. 2017 ஜனவரி 31-இல் அறிவிக்கப்பட்ட மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொருத்து கருவிகள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. உயர் ஆபத்து வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைப் பொருத்தவரை இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கருவி உடலுக்குள் சென்ற பிறகு நடப்பதைப் பற்றி விதிகள் சொல்வது குறைவு. சொல்லும் இடத்திலும் ஒரு சொல் கவனத்துக்குரியது. சந்தேகத்துக்குரிய, 'எதிர்பாராத' கடும் பாதிப்பு தெரியவந்தால் 15 நாள்களுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமம் பெற்றவருக்கான நிபந்தனை. ஸ்டென்ட் நகர்வது எதிர்பாராத பாதிப்பா? கருவியோடு வரும் குறிப்பேட்டிலேயே அது நேரக்கூடும் என அச்சிடப்பட்டிருக்கும். எனவே, அறியப்பட்ட சிக்கல் என்று கூறித் தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொள்ள இந்தச் சொல் இடமளிக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகுதியில் தயாரான குழாய்கள் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக நழுவினால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு விதிகளில் விடை இல்லை.

மருத்துவமனைத் தரப்பில் கடமை இன்னும் நெகிழ்வானது. மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 ஜூலை 6-இல் காஜியாபாதில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையத்தில் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் தொடக்கம் முதலே அதில் பங்கேற்றது. மருத்துவர், செவிலியர், நோயாளி என எவரும் படிவம் அளிக்கலாம். அளிக்காவிட்டால் தண்டனை ஏதும் இல்லை. திட்டம் விருப்பத்தின் பேரில் இயங்குவது. நூற்றுக்கணக்கான நோயாளிகள் காத்திருக்கும் புறநோயாளிகள் பிரிவில், இடம் மாறிய ஒரு குழாய்க்காகப் படிவம் நிரப்ப மருத்துவர் உட்காருவார் என்று எதிர்பார்ப்பது அவர்கள் மீதும் இரக்கமற்ற எதிர்பார்ப்பே.

அமெரிக்காவில் மருத்துவமனைகள் பயன்படுத்தும் நோய்க் குறியீட்டுப் பதிப்பில் சிறுநீர் நாள ஸ்டென்ட் இடம் மாறியதற்கென்றே தனிக் குறியீடு உள்ளது, டி 83.122 என்பது அதன் எண். குறியீடு இருப்பதால் குழாய் நகராமல் இருந்துவிடாது. ஆனால் எத்தனை நகர்ந்தன என்று எண்ணுவதற்கு அது வழி செய்கிறது.

நாடாளுமன்றத்தில் 'ஸ்டென்ட்'

நாடாளுமன்றத்தில் ஸ்டென்ட் என்ற சொல் ஒலித்தால் அது இதய ஸ்டென்ட்டைத்தான் குறிக்கும். 2017 பிப்ரவரியில் சாதாரண இதய ஸ்டென்ட்டுக்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600 என உச்சவரம்பு நிர்ணயிக்கப்பட்டபோது அது நாடெங்கும் பேசப்பட்டது. விலை என்பது எல்லோருக்கும் புரியும், அரசியலுக்கும் உதவும். பொருத்திய பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு அத்தகைய ஈர்ப்பு இல்லை. சிறுநீர்த் தொல்லை என்பது வெளியில் பேசக் கூச்சப்படும் உபாதை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்கு இல்லாததன் விலை என்ன என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. குறைபாடு காரணமாக 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். எனும் செயற்கை இடுப்பு மூட்டு, இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் பொருத்தப்பட்டிருந்தது. 2017-இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது, உதவி மையத்தின் மூலம் அடையாளம் காணப்பட்டோர் ஏறத்தாழ 1,080 பேர் மட்டுமே. மற்றவர்கள் யார், எங்கே என்பது தெரியவில்லை. குறைபாடுள்ள கருவிக்கு இழப்பீடு வழங்கச் சட்டத்தில் பிரிவே இல்லாததால், தனிச் சூத்திரம் வகுத்து ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை 2018-இல் நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கில் செலவாகும் இடுப்பு மூட்டுக்கே இந்நிலை என்றால், சில வாரங்கள் மட்டும் தங்கியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாய்க்கு யார் பதிவேடு வைக்கப்போகிறார்கள்?

மருத்துவக் கருவிகளின் ஒழுங்குமுறை குறித்து 2022 செப்டம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட, சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 138-ஆவது அறிக்கை இந்த இடைவெளியைத் தொட்டது. உடலில் பொருத்தப்படும் கருவிகளுக்குப் பதிவேடு உருவாக்கி, எந்த நோயாளிக்கு எந்தக் கருவி என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வகைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் 1940 சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவைச் சுகாதார அமைச்சகம் வெளியிட்டிருந்தது. 2023 மழைக்காலக் கூட்டத்தொடருக்கான மசோதாக்கள் பட்டியலில் அதன் திருத்திய வடிவம் இடம்பெற்றது. ஆனால் அத்தொடரில் அறிமுகமாகவில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளக் குறியீடு என்பது பதிவேட்டுக்கு அடிப்படை. 2017 விதிகளிலேயே இது இடம்பெற்றது. 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம் என நாளும் குறிக்கப்பட்டது. அந்த நாள் நெருங்கிய வேளையில் விதி திருத்தப்பட்டு, 'மத்திய அரசு ஆணையிடும் நாள் முதல்' என மாற்றப்பட்டது. தொழில்துறைக்கு அவகாசம் தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட நாளை நீக்கிவிட்டு குறிப்பிடப்படாத நாளை வைப்பதை அவகாசம் என்று சொல்வது கடினம்.

பிரிட்டனில் பாடம் வேறு வகையில் கற்கப்பட்டது. பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கும் உறுப்பு இறக்கத்துக்கும் பொருத்தப்பட்ட பாலிபுரொப்பிலீன் வலைகள் அரித்து இடம்பெயர்ந்ததால் பல்லாண்டுகள் வலியில் தவித்தவர்கள் அங்கு ஒன்றுதிரண்டனர். 2018 ஜூலையில் அத்தகைய அறுவைச் சிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. உறுப்பு இறக்கத்துக்கான வலைகளின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்காவும் நிறுத்தியது. பிரிட்டன் அரசு அமைத்த மறுஆய்வுக் குழு 2020 ஜூலையில் அளித்த அறிக்கையில், எந்த நோயாளிக்கு எந்தக் கருவி என்ற மையத் தரவுத்தளம் வேண்டும் என்றது; அதற்கு வழிசெய்யும் பிரிவு அடுத்த ஆண்டே சட்டமாயிற்று. வலி தங்கள் கற்பனை என்று பல ஆண்டுகள் தங்களிடம் கூறப்பட்டதாக அப்பெண்கள் அக்குழுவிடம் தெரிவித்தனர்.

நீதிமன்றத்தில் காலக்கெடு

இந்தியாவில் பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சியிருப்பது நுகர்வோர் சட்டம். மருத்துவச் சேவை அச்சட்டத்தின் கீழ் வரும் என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. கடைசி வரியைப் படிக்க முடியாமல் ஊர் திரும்பும் ஏழை நோயாளி பெரும்பாலும் செல்வது அத்தகைய மருத்துவமனைக்கே.

அடுத்த தடை காலக்கெடு. பாதிப்பு எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பாதிப்பு எழுந்த நாள் எது? பொருத்திய நாளா, நகர்ந்த நாளா, எக்ஸ்-ரே எடுத்துக் கண்டுபிடித்த நாளா? 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. 1993-இல் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி விடப்பட்டிருந்தது 2002-இல் மறு அறுவையின்போது தெரியவந்தது. வெளியில் தெரியாத பாதிப்பாக இருந்தால், நோயாளி அதை அறிந்த நாள் அல்லது நியாயமான முயற்சியில் அறிந்திருக்க வேண்டிய நாள் முதல் காலக்கெடு தொடங்கும் என நீதிமன்றம் கூறியது. ஆனால் பல்லாண்டு வலியோடு இருந்தவர் முன்னதாகவே அறுவை செய்த மருத்துவரை அணுகியிருக்க வேண்டும் என்ற அடிப்படையில் அவரது புகார் காலங்கடந்தது என முடிவாயிற்று. ஸ்டென்ட் வழக்குகளில் நோயாளியின் நிலை இதைவிடவும் பலவீனமானது. 'வந்து எடுத்துக்கொள்ளவும்' என்ற வரி தாளில் இருக்கிறதே என்று மருத்துவமனை காட்டிவிட முடியும்.

அந்தத் தாளும் எத்தனை நாள் இருக்கும் என்பது கேள்வி. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் வைத்திருந்தால் போதும். ஐந்தாம் ஆண்டில் கண்டுபிடிக்கப்படும் குழாய்க்கு ஆவணம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொருத்திய கருவியின் தொகுதி எண்ணை நோயாளியின் கோப்பில் பதிய வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்றின் நிபந்தனைகளில் இருக்கிறது. அச்சான்றைப் பெறுவதோ மருத்துவமனையின் விருப்பம்.

செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. ஸ்டென்ட் பொருத்தியவர்களின் பெயர், கைப்பேசி எண், எடுக்க வேண்டிய நாள் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து, நாள் நெருங்கும்போது குறுஞ்செய்தி அனுப்பும் முறையைச் சில மருத்துவமனைகள் தாமாகவே பின்பற்றுகின்றன. மறக்கப்படும் ஸ்டென்ட்டுகள் இதனால் குறைந்ததாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. குழாய் இருக்கும் இடத்தைக் காண ஒரு சாதாரண எக்ஸ்-ரே பெரும்பாலும் போதும். இது கட்டாயமாவதற்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. விதியில் 'எதிர்பாராத' என்ற சொல்லைத் திருத்துவதும், அடையாளக் குறியீட்டுக்கு நாள் குறிப்பதும் மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றினால் ஆகக்கூடியவை.

அதுவரை நோயாளியின் கையில் இருப்பவை சில. ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 ஒழுங்குவிதிகளில் உள்ளது. ஸ்டென்ட் உறையில் ஒட்டப்பட்டு வரும், அளவும் தொகுதி எண்ணும் கொண்ட சீட்டைக் கேட்டுப் பெறலாம். எடுக்க வேண்டிய நாளைத் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தரச் சொல்லலாம். குழாய் நகர்ந்ததாகத் தெரிந்தால் காஜியாபாத் ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800-180-3024-இல் நோயாளியோ உறவினரோ தெரிவிக்கலாம். மருத்துவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.